டாஃபிக்குக் கப்பலில் இடமில்லை

போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் பக்கத்து பங்களாவில் ஒரு நாயைச் சுடுவதாக இருந்தது.

பயந்துவிடாதீர்கள். வெறிநாய் இல்லை. இதுவரை யாரையும் கடித்ததும் இல்லை. டாஃபி என்று பெயர், பழுப்பு நிறம், தொங்கு காது. ஆவடியில் அதற்கு ஒரு விரோதி கிடையாது. எஜமானி மிஸஸ் கார்ட்டருக்கோ அதன் மேல் உயிர். சுடுவதற்கு ஒரு ஸார்ஜெண்டை ஏற்பாடு செய்ததும் அந்த அம்மாள்தான்!

நான் ரங்கூன்காரன் என்பது வாராவாரம் என் புலம்பலைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் அங்கேதான். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கட்டிய துணியோடு கப்பலேறி வந்து ஆவடியில் விழுந்தேன். மிலிடரி டிப்போவில் குமாஸ்தா வேலை கிடைத்தது. நாலு வருஷம் ஆகிறது. இன்னும் எனக்கு இது அந்நிய ஊர்தான். இப்போது யுத்தம் முடிந்துவிட்டது; ரங்கூனுக்குத் திரும்பக் கப்பலில் இடம் கேட்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.

மிஸஸ் கார்ட்டருக்கும் இது அந்நிய ஊர். அவள் கப்பல் சீமைக்கு, வேறு திசை, அவ்வளவுதான்.

ஊரை விட்டுப் போகப்போகிறவர்கள் எப்படிக் குடித்தனம் செய்வார்கள் தெரியுமா? பாத்திரமெல்லாம் சாக்குக்குள். வெளியே இரண்டு தட்டு, ஒரு டம்ளர். அந்த டம்ளருக்கு நானும் என் மனைவி லோகாவும் முறை வைத்துக் காத்திருப்போம். 'எப்போ சார் கிளம்புறீங்க?' என்று விசாரிக்க வருகிறவர்களின் பார்வை பீரோ மேல்தான் இருக்கும். கட்டில் ஒருவருக்கு, அம்மி ஒருவருக்கு, கொடிக்கயிறு ஒருவருக்கு... எல்லாம் ரிசர்வ் ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் மூன்று தடவை எனக்கு விருந்து வைத்து வழியனுப்பிவிட்டார். நான்காவது தடவை அவர் முகத்தில் விழிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பங்களாவிலும் அதே கதை. கார்ட்டர் துரை முன்னாடியே பம்பாய்க்குப் போய்விட்டார். சோபா, மேஜை எல்லாம் ஏலத்தில் போயிற்று. மிஸஸ் கார்ட்டர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, இன்னொரு பெட்டி மேல் டீ வைத்துக் குடிப்பாள். சனிக்கிழமை மத்தியானம் அவளும் புறப்பட வேண்டும். நாய்க்குத்தான் கப்பலில் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

இடம் இல்லையென்றால் சுட்டுவிட்டுப் போவது. அதுதான் வெள்ளைக்காரர்கள் வழக்கமாம்! இந்த ஒரு மாதத்தில் எங்கள் பக்கம் மூன்று நாள் காலையில் வெடிச் சத்தம் கேட்டது. யார் வீட்டுக் கல்யாணமோ என்று நானும் லோகாவும் பேசிக்கொண்டோம்.

வியாழக்கிழமை பால் கொண்டுவந்த குப்பம்மாள்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். குப்பம்மாள் திருமுல்லைவாயில்காரி. இரண்டு காணி நிலம், இரண்டு மாடு. பங்களாவுக்கும் அவள்தான் பால்.

"இன்னா நைனா அநியாயம் இது? அந்தம்மா ஊருக்குப் போறதுக்கு நாயி இன்னா பாவம் பண்ணிச்சி? என்னாண்ட குடுக்கச் சொல்லு. நான் வச்சிக்கிறேன். நீதான் இங்கிலீசு பேசுவியே, போய்க் கேளு."

போய்க் கேட்டேன். மிஸஸ் கார்ட்டர் கோபிக்கவில்லை. டாஃபியின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"ரயில்வே ஸ்டேஷனில் ஒரு வெள்ளை நாயைப் பார்த்திருப்பீர்களே? எங்கள் டாக்டர் விட்டுவிட்டுப் போனது. ஒவ்வொரு ரயிலுக்கும் வருகிறது. இறங்குகிற கால்களையெல்லாம் மோந்து பார்க்கிறது. என் டாஃபியை அப்படிக் காத்துக் கிடக்க விடமாட்டேன். தலை என் மடியில் இருக்கும். ஒரு விநாடி... அவ்வளவுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்பாம்! துப்பாக்கியில் போட்டு அடைத்த அன்பு. வீட்டுக்கு வந்து லோகாவிடம் பொரிந்து தள்ளினேன்.

லோகா நிதானமாகச் சொன்னாள்: "கேட்டா குடுக்க மாட்டாங்க. கேக்காம எடுத்துட்டா என்னங்க?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் மிஸஸ் கார்ட்டர் டிக்கெட் விஷயமாகப் பட்டணம் போனாள். நான் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பங்களா கேட்டில் காவல் நின்றேன். டிப்போவில் ஒரு பென்சிலைக்கூடத் தொடாதவன்... சரி, ஒன்று தொட்டிருக்கிறேன். குப்பம்மாள் நெத்திலிக் கருவாட்டைக் காட்டிக் காட்டி டாஃபியைப் பின்கட்டு வழியாக நடத்திக்கொண்டு போய்விட்டாள். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பங்களா சமையல்காரர் அந்த நேரம் பார்த்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எங்கள் கணக்கு சுலபமானது. தேடுவாள், அழுவாள், நாளை ரயில் வந்ததும் ஏறிப் போய்விடுவாள். நாய் பிழைக்கும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் குரல் கேட்க ஆரம்பித்தது. "டாஃபி! டாஃபி!" பங்களாத் தோட்டத்தில், கிணற்றடியில், ரோட்டில்... குரல் கம்மிக்கொண்டே வந்தது. கடைசியில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். காலில் செருப்பில்லை, முழங்கால் வரை புழுதி.

"பார்த்தீர்களா?"

"இல்லையே மேடம்."

லோகா உள்ளே இல்லாத அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். மிஸஸ் கார்ட்டர் எங்கள் சாக்குமூட்டை மேலேயே உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ரங்கூனில் உங்களிடம் நாய் இருந்ததா?" என்று கேட்டாள்.

"இருந்தது. மணி என்று பெயர்."

"என்ன செய்தீர்கள்?"

"துறைமுகத்தில் அவிழ்த்து விட்டுவிட்டோம்."

"எத்தனை நாள் அங்கேயே காத்திருந்திருக்கும்?"

நாலு வருஷமாக அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டதில்லை. குண்டு, கூட்டம், கப்பல் என்று சாக்கு நிறைய வைத்திருந்தேன். இந்த அம்மாளிடம் ஒன்றும் எடுபடாது போலிருந்தது. அடுத்த நிமிஷம் உண்மையைச் சொல்லிவிட்டேன்... "டாஃபி பால்காரி வீட்டில் இருக்கிறது."

உள்ளேயிருந்து வந்த லோகா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

ஜட்கா வண்டி பிடித்து மூவரும் திருமுல்லைவாயில் போனோம். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. உண்மை பேசிவிட்டதாகப் பெருமைப்பட என்ன இருக்கிறது? துப்பாக்கிக்கு நானே நாயைப் பிடித்துக் கொடுக்கப் போகிறேன். ஸார்ஜெண்டை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லையே! வண்டிக்காரரை மெதுவாக ஓட்டச் சொன்னேன். "ஏற்கெனவே மெதுவாத்தான் சார் போவுது" என்றார்.

குப்பம்மாள் வீட்டு முற்றத்தில் டாஃபி மாட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. எஜமானியைக் கண்டதும் பாய்ந்து வந்து மேலே விழுந்தது. அவள் அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து சங்கிலியை எடுத்து மாட்டினாள்.

குப்பம்மாள் பால் சொம்பைக் கீழே வைத்தாள்.

"சுடத்தான் இட்டுகினு போறாளா? ஏன்னு கேளு நைனா."

கேட்டேன்.

"அது எனக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும். நான் வரவே மாட்டேன். அது இவளுக்குப் புரியுமா என்று கேளுங்கள்" என்றாள் மிஸஸ் கார்ட்டர்.

தமிழில் சொன்னேன். குப்பம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"காத்துகினுதான் கெடக்கும். அதுக்கு இன்னா இப்போ? எம் மவன் பட்டாளத்துல சேந்து கப்பலேறிப் போயி நாலு வருசம் ஆவுது. ஒரு காயிதம் இல்ல. செத்தானா கீறானான்னு சொல்ல ஒரு நாதி இல்ல. நானுந்தான் காத்துகினு கீறேன். அதுக்காவ என்னியும் சுட்டுடுவாளா? கேளு!"

டிப்போவில் நான் தினமும் மொழிபெயர்க்கிறவன். கூலிக்காரன் சூடாகப் பேசினால் துரைக்குச் சில்லென்று ஆக்கிக் கொடுப்பேன்; துரை கத்தினால் தேன் தடவுவேன். என் சம்பளமே அதற்குத்தான். அன்றைக்கு ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அப்படியே சொன்னேன்.

சங்கிலி இறுகிக் கிடந்தது. டாஃபி எஜமானியின் முகத்தைப் பார்த்தது. லோகா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மகன் பெயர் என்ன?" என்று கேட்டாள் மிஸஸ் கார்ட்டர்.

"முனுசாமி."

"மூனி... சாமி" என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சங்கிலியின் நுனியைக் குப்பம்மாளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். பிறகு ஜட்காவை நோக்கி நடந்தாள். டாஃபி குரைத்தது, இழுத்தது. அவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும், அவளுக்கும் அது தெரியும். வண்டியில் ஏறிய பிறகு லோகாவின் கையைப் பிடித்தவள் ஆவடி வரும் வரை விடவேயில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஸார்ஜெண்ட் வந்தார். பெட்டி மேல் உட்கார்ந்து ஒரு கப் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். மத்தியானம் மிஸஸ் கார்ட்டரும் போய்விட்டாள்.

அவள் சொன்னதும் நியாயம்தானோ என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டேயிருந்தது. நேற்று குப்பம்மாள் பால் ஊற்றும்போது பயந்துகொண்டே கேட்டேன்: "டாஃபி எப்படி இருக்கிறது?"

"வாசல்லியே ரோட்டைப் பாத்துகினு படுத்துனு கீது நைனா" என்றாள். "சோறு வச்சா துன்னுது. என்னிய மாரிதான்."