இரண்டாவது தடம்

ஸ்டூடியோவில் அவளை எல்லோரும் ‘வானம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கார்ட்டூன் படத்தில் ஆட்கள் ஓடுவார்கள், சண்டை போடுவார்கள், குட்டிக்கரணம் அடிப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் அசையாமல் நிற்கிற சுவர், தெரு, மலை, மேகம் எல்லாம் அவள் கைவேலை. பதினான்கு வருடமாக ஒரே மேசை. வெளிச்சம் பட்டால் திரையில் நிறம் தப்பாகத் தெரியும் என்று பக்கத்து ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். காலையில் உள்ளே போனால், வெளியே மழையா வெயிலா என்பது டீ வாங்கப் போகும்போதுதான் தெரியும்.

அவளுடைய தம்பி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தான். கேட்ட கேள்விக்குத் தலையாட்டுவதே பெரிய விஷயம் அவனுக்கு. ஆனால் ‘உப்புக் கப்பல்’ என்று யாராவது ஆரம்பித்துவிட்டால் போதும், வாயை அடைக்க முடியாது.

அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் டிவியில் வந்த தொடர் அது. கடல் வற்றி வெறும் உப்புத் தரையாகிவிட்ட ஓர் உலகம். அதில் சக்கரம் வைத்த ஒரு கப்பல், அதை ஓட்டுகிற பன்னிரண்டு வயதுப் பெண். தண்ணீர் தேடிப் போன அவள் அப்பா திரும்பவில்லை, அவரைத்தான் தேடிக்கொண்டு போகிறாள். நாற்பது பகுதிகள் ஓடி, அப்பா கிடைக்காமலே தொடர் நின்றுபோனது. இருபத்திரண்டு வருடம் கழித்து, அதைப் புதிதாக எடுக்கிறோம், இந்த முறை கதையை முடித்துவைப்போம் என்று அறிவித்தார்கள். பின்புலம் வரைகிற வேலை வானத்தின் ஸ்டூடியோவுக்கு வந்தது.

வேலை தொடங்கும் முன் எல்லோரிடமும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஏழு வருடத்துக்குத் தொடரைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தம்பியும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, கை கழுவிக்கொண்டே சொன்னான்:

“கதையெல்லாம் வேணாம்க்கா. நல்லா வருதான்னு மட்டும் சொல்லு.”

“நல்லா வருதுடா.”

அன்றைக்கு மாடிப்படியில் அவன் விசில் அடித்துக்கொண்டு ஏறினான்.

எட்டுப் பகுதி முடிந்து ஒன்பதாவது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. தொடர் ரத்து. முடிந்த பகுதிகளும் வெளியே வராது. பிள்ளைகள் இப்போது இதையெல்லாம் பார்ப்பதில்லை என்று காரணம் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் கோப்புகளைப் பூட்டிவிட்டார்கள். வானம் பாதி வரைந்திருந்த ஒரு மேகக்கூட்டம் திரையிலிருந்து அப்படியே மறைந்தது. அவளையும் சேர்த்து இருபது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து யாரோ ஒரு படத்தை இணையத்தில் கசியவிட்டார்கள். ஒன்பதாம் பகுதியின் துறைமுகக் காட்சி. ஆளே இல்லாத உப்புத் தரை, தூரத்தில் கப்பல், தரையில் சக்கரத் தடங்கள். அவள் வரைந்ததுதான்.

அந்தப் படத்தில், இரண்டு கப்பல்கள் போனதுபோல, தடங்கள் இரண்டு இருந்தன.

தம்பிக்கு இது போதுமானதாக இருந்தது. “ஒரு கப்பல்தானே இருக்கு? அப்ப ரெண்டாவது தடம் யாருது? அப்பாவோடது. மனுஷன் உயிரோட இருக்காரு!” என்று வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: “உங்க வீட்டு ஆள் யாராவது காணாமப் போயிருந்தாக்கூட இப்படித் தேடியிருப்பீங்களாடா?”

வானம் சிரிக்கவில்லை. அந்த இரண்டாவது தடம் எப்படி வந்தது என்பது அவளுக்குத் தெரியும். வலது பக்கம் தரை வெறிச்சென்று இருக்கிறது, எதையாவது போடுங்கள் என்று இயக்குநர் சொன்னார். வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். முதல் தடத்தையே நகலெடுத்து, கொஞ்சம் திருப்பி, வலது பக்கம் ஒட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உப்புக் கப்பல் ரசிகர்கள் ஏழெட்டுப் பேர் ‘வக்கீல்’ வீட்டு முன்னறையில் கூடுவார்கள். பேர்தான் வக்கீல், விடாமல் வாதாடுவதால் வந்த பட்டம். வேலை பஸ் டிப்போவில் டயர் பார்ப்பது. தம்பிக்கு நாலாம் வகுப்பிலிருந்து சிநேகிதன். இருவரும் ஒரே டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த நாற்பது பகுதிகளையும் பார்த்தவர்கள்.

“நீ வரைஞ்ச படம்க்கா. ஒரு நாள் வந்து சும்மா கேளேன்” என்று தம்பி கெஞ்சியதால் ஒரு ஞாயிறு அவளும் போனாள். அவள் எங்கே வேலை பார்த்தாள் என்பது அங்கே வக்கீலுக்கு மட்டும் தெரியும். அவனும் மரியாதைக்கு ஒன்றும் கேட்கவில்லை. “வாங்கக்கா” என்று மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டான்.

எடுக்காத கதையைப் பற்றி அவர்கள் மூன்று மணி நேரம் பேசினார்கள். சமையல்காரன் துரோகியா? கண்ணில்லாத நாரைக்கு எப்படி வழி தெரிந்தது? பத்தாவது பகுதியில் மழை வருமா? கடைசியில் வழக்கம்போல அப்பாவுக்கு வந்து நின்றது. வக்கீல் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தான்.

“இங்க பாரு. இடது சக்கரத்துல ஒரு வெட்டு இருக்கு. ரெண்டு தடத்துலயும் அதே வெட்டு, அதே இடத்துல. இருபது வருஷமா டயர் பாக்கறேன்டா. இது வேற வண்டி இல்ல. அதே வண்டி சுத்திட்டு வந்திருக்கு.”

வானத்துக்குத் தெரியும், அவன் சொன்னது அவ்வளவும் சரி.

“டயர் எண்ணுறவனுக்குக் கதை புரியுமா?” என்றான் தம்பி. குரல் கிறீச்சிட்டது. “அப்பாவோட கப்பலும் அதே பட்டறையில செஞ்சதா இருக்கலாம்ல?”

“வெட்டுமா அதே பட்டறையில செஞ்சாங்க?” என்றான் வக்கீல்.

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னான்: “அவரு வரமாட்டாருடா. ஒத்துக்கோ. நாம பெரியவங்க ஆயிட்டோம்.”

தம்பி எழுந்து செருப்பை மாட்டினான். அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். கடையில் ஒரு கிழவருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக்கொடுத்துத் திட்டு வாங்கினான். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

வானத்துக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் மாடிக்குப் போய், சத்தியம் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். தடத்தை நகலெடுத்தது. அதற்கும் மேலே ஒன்று. கடைசிப் பகுதிக்கு ஆகாயம் வரைய வேண்டும், விடியலா அந்தியா என்று கேட்க அவள் ஒருநாள் எழுத்தாளர்கள் அறைக்குப் போயிருந்தாள். சுவரில் பகுதி வாரியாக அட்டைகள் குத்தியிருந்தன. கடைசி அட்டையில் ‘அப்பா: பிறகு பார்க்கலாம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. விடியலா அந்தியா என்றதற்கு, “நீங்களே ஏதாவது ஒண்ணு போட்டுடுங்க” என்றார்கள்.

“அவங்களுக்கே தெரியாதுடா. உங்க ரெண்டு பேர் சொன்னதும் தப்பில்ல. இதுக்கா சண்டை போட்டுக்கிட்டு?”

தம்பி தன் விரல் நுனிகளைப் பார்த்தான். லென்ஸ் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிப்போன விரல்கள்.

“ஏன்க்கா சொன்னே?” என்றான். கோபம் இல்லை. கீழே விழுந்து உடைந்த எதையோ பார்க்கிறவன் மாதிரி கேட்டான்.

சத்தியத்தை அவன் மீறவில்லை. ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் யார் என்ன எழுதினாலும் பதில் போடுவதை நிறுத்தினான். குழுவினர், அவன் தோற்றுப்போய் ஒதுங்கிவிட்டான் என்றார்கள். சிலர், திமிர் என்றார்கள்.

ஒருநாள் மத்தியானம் வக்கீல் டிப்போ உடுப்போடு கதவருகே வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னதற்கு, உடம்பெல்லாம் கிரீஸ் என்றான்.

“அக்கா, அவன்கிட்ட சொல்லுங்க. அப்பா உயிரோட இருக்காருன்னு நான் ஒத்துக்கறேன். அந்த வெட்டு... வெளிச்சத்துல அப்படித் தெரிஞ்சிருக்கும். எல்லார் முன்னாடியும் சொல்றேன். வந்தாப் போதும்.”

வானம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள். நீ பார்த்ததுதான் சரி என்று அவனிடம் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

தம்பியிடம் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. “அவன் எப்படிக்கா ஒத்துக்கலாம்? அவன் கண்ணு தப்பு பண்ணவே பண்ணாதே” என்றான். ஆனாலும் அந்த ஞாயிறு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனான்.

ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டான். வானம் அப்போது துணி துவைக்கும் இயந்திரத்துக்கான விளக்கப் புத்தகத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். கிடைத்த வேலை அது. பின்புலமே கிடையாது, எல்லாம் வெள்ளை.

“பேசினீங்களா?”

“ம். பேசினோம்.”

“என்ன பேசினீங்க?”

“இந்த வருஷம் வெயில் ஜாஸ்தின்னு சொன்னான். ஆமான்னேன். டிப்போவுல புது மேனேஜராம். கடையில எப்படின்னு கேட்டான். பரவால்லன்னேன்.” தம்பி தண்ணீர் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். “நாலாம் கிளாஸ்லேர்ந்து அவனைத் தெரியும்க்கா. இன்னிக்கு என்ன பேசறதுன்னே தெரியல.”

 சொல்லிவிட்டு அவன் மாடிக்குப் போய்விட்டான்.

அப்புறம் இரண்டு ஞாயிறு போனான். மூன்றாவது ஞாயிறு, கடையில் ஆள் குறைவு, வரச் சொல்கிறார்கள் என்றான். இப்போது வாரத்தில் ஏழு நாளும் கடைக்குப் போகிறான்.