பிக்கப்பில் குறை இல்லை

காலை ஏழரை இருக்கும். நம் குழுவின் டிரம்மர் பாஸ்கர் போனில் கூப்பிட்டான். "மச்சான், ஏழுமலைய ட்ரெயின் அடிச்சிட்ச்சி. கம்பெனி பஸ்ஸுக்குத் தண்டவாளம் தாண்டிப் போயிகினு இருந்தானாம். ஆள் இல்ல." நான் முதலில் கேட்டது, "ஹாரன் அடிச்சாங்களா?" என்றுதான். "அடிச்சிகினேதான் வந்தாங்களாம். இன்னாத்துக்குக் கேக்குற?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

கிட்டார் ஏழுமலையைக் குழுவில் இருக்கும் உங்கள் எல்லாருக்கும் மேடையில் தெரியும். திருப்போரூர் பக்கத்து ஆள், குடியிருந்தது செங்கல்பட்டில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். மறைமலைநகரில் தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் இருபத்திரண்டு வருடம் வேலை. சனி, ஞாயிறு நம் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார். நான் பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசிப்பவன். மற்ற நாட்களில் செங்கல்பட்டில் கிட்டாரும், அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்பும் ரிப்பேர் செய்பவன். "நீ வாசிச்சா எவனுக்கும் தெரியாது மச்சான், நிறுத்துனாதான் தெரியும்" என்று என்னை ஓட்டிக்கொண்டே இருப்பான்.

அவனுடைய கிட்டார் ஐம்பது வயதான ஜப்பான் சரக்கு. மாமல்லபுரத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றது. இந்தச் சித்திரையில் அதை என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். "பிக்கப் செத்துப்போச்சு. மெல்லிசு கம்பி பேசவே மாட்டேங்குது. வேற போடு." பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை வாங்கி ஆம்புக்கு அனுப்பும் காந்தச் சுருள். மீட்டர் வைத்துப் பார்த்தேன். அதிலிருந்த இரண்டு பிக்கப்பும் நன்றாகவே இருந்தன. சொன்னேன். "மீட்டரா வாசிக்குது? நான்தான வாசிக்கிறேன்" என்றான்.

புது பிக்கப் வந்தது. பழைய குழியில் உட்காரவில்லை. அந்த மரத்தில் உளி வைக்க எனக்கு மனசே வரவில்லை. "வெட்டு, பரவால்ல" என்றான். கம்பிகளைத் தாங்கும் துருவேறிய பிரிட்ஜையும், கம்பி முறுக்கும் இடத்தில் வழுக்கும் ட்யூனர்களையும் கூடவே மாற்றினேன். ஆம்பைத் திறந்து அவன் வாசித்தபோது எதிர் டீக்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து முறைத்தார். ஏழுமலை குனிந்து, தாடையைக் கிட்டார் உடலின் மேல் கொம்பில் அழுத்திக்கொண்டு, மெல்லிய கம்பியை மறுபடி மறுபடி மீட்டினான். மேடையில் அவன் அப்படிச் செய்ததை நாம் ஸ்டைல் என்று நினைத்திருந்தோம். "இன்னும் மந்தமாத்தான் கீது" என்றான்.

ஆம்பை அணைத்துவிட்டு அவன் முதுகுப் பக்கம் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு தரம். திரும்பவில்லை. தாடையை ஏன் அழுத்தினான் என்று அப்போதுதான் புரிந்தது, எலும்பு வழியாகக் கேட்பதற்கு. தோளைத் தொட்டதும் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. "எவனாண்டயும் சொல்லாத மச்சான். வூட்லயும் தெரியாது. செவுட்டு கிட்டார்காரன எவன் கூப்புடுவான்?" சொல்லமாட்டேன் என்றேன். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, "ஆடி முடியட்டும்" என்றான். ஆடியில் ஊருக்கு ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். நமக்கு ஒரு ஞாயிறுகூட ஓய்வு கிடையாது. லீட் கிட்டார் இல்லாவிட்டால் எனக்கும் மேடை இல்லை. சரி, ஆடி முடியட்டும் என்று நானும் சொல்லிவிட்டேன்.

கடற்கரை ரிசார்ட் கல்யாணம் ஒன்றில் கிட்டார் காதைக் கிழிக்கிறது என்று பாடகி சண்டைக்கு வந்தது ஞாபகம் இருக்கும். "புது பிக்கப்பு, பழகணும்" என்று நான்தான் சமாளித்தேன். இல்லாத குறையை முதலில் அவன் பழையதன் மேல் போட்டான், பிறகு நான் புதியதன் மேல் போட்டேன். கீழே இறங்கியதும் ஏழுமலை என் கையைப் பிடித்து அழுத்தினான்.

ஆடி நாலாவது வாரம் அவன் போனான். குடித்திருந்தான், காதில் ஒயர் மாட்டியிருந்தான் என்று உங்களில் சிலரே பேசினீர்கள். அவன் குடித்ததே இல்லை. பேசியதையெல்லாம் நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆத்திரமாக வந்தது, உங்கள் மேல் அல்ல.

காரியத்தன்று அவன் மனைவி வனஜா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, கொஞ்ச நாளா கூப்ட்டா திரும்பவே மாட்டாரு. அன்னிக்குக் காலைல சோத்து டப்பாவ மறந்துட்டாரேன்னு வாசல்ல நின்னு கத்தனேன். திரும்பாமயே போய்ட்டாரு. எம்மேல இன்னா கோவம்னு உங்களாண்ட எதுனா சொன்னாரா?" அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். "அப்டியெல்லாம் ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன்.

ஏழுமலை என்னிடம் விட்டுப்போனது அந்த ஒரு ரகசியம்தான். கொடுத்த வாக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்துபோய்த்தான் வைத்திருந்தேன். இனி அது என்னிடம் இருக்க வேண்டாம் என்றுதான் உங்கள் எல்லார் முன்னாலும், வனஜா முன்னாலும் சொல்கிறேன். வனஜா, அவனுக்கு உன்மேல் எந்தக் கோபமும் இல்லை. நீ கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.