வளைவில் காலை எடுக்கக் கூடாது

என் கணவரின் வலது கால் செத்துக்கொண்டிருப்பது முதலில் எங்கள் ஜீப்புக்குத்தான் தெரிந்தது. டாக்டருக்கும் எனக்கும் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அந்த வண்டியோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் எல்லோரும் சின்னக் கார் வாங்கிக்கொண்டிருந்தபோது இந்த மனுஷர் ஜீப் வைத்திருந்தார். அடுகோடியில் எங்கள் வீடு, பீன்யாவில் அவருடைய ஃபேக்டரி. தினமும் என்னை என் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு அவர் போவார். காஸ் சிலிண்டர், கல்யாண வீட்டுப் பயணம், மார்க்கெட் காய்கறி எல்லாம் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிநேகிதர்களோடு கனகபுரா பக்கம் ஏதாவது ஏரிச் சேற்றில் வண்டியை இறக்கிவிட்டு, தலைமுதல் கால்வரை மண்ணாகச் சிரித்துக்கொண்டு வருவார்.

அப்படி ஒரு ஞாயிறு வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. பின் சக்கரத்தில் ஒன்று பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றியது, மற்றது சும்மா நின்றது. கடைசியில் யாரோ ஒருவருடைய டிராக்டர் வந்து இழுத்தது. அந்த அவமானம் அவருக்கு ஆறவேயில்லை. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஆபீஸ் நண்பரிடம் சொல்லி லாக்கர் என்று ஒன்றை வரவழைத்தார். குழந்தைத் துணிகளில் சுற்றி, சூட்கேஸில் வந்தது. ஏதோ மிக்ஸி என்று நினைத்து ஆசையாகத் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

“இந்த இரும்புக்கா அமெரிக்கா வரைக்கும் சொல்லியனுப்பினீங்க?”

“நீ பாரு, இனிமே நம்ம வண்டி எங்கயும் நிக்காது” என்றார்.

அவர் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் கொஞ்சம். அதற்கு வழிவிடத்தான் பின் ஆக்சிலின் நடுவில் டிஃபரன்ஷியல் என்று பல்சக்கரங்கள் இருக்கின்றன. ரோட்டில் அது நல்லது. சேற்றில் அதுவே வினை. லாக்கர் போட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்துதான் சுற்றும். இது ஆட்டோமேட்டிக் என்பதால் சுவிட்சு கிடையாது. எப்போது பூட்டுவது, எப்போது விடுவது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். நம்மைக் கேட்காது.

சேற்றில் அதன் சாமர்த்தியம் எப்படியோ, எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊருக்குள் அது செய்த அழிச்சாட்டியம்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னாலிருந்து கட்கட்கட்டென்று சத்தம். சிக்னலில் நின்றால் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, “சார், ஹிந்தே சவுண்டு பர்தாயிதே” என்பார். பின்னால் சத்தம் வருகிறதாம். எங்களுக்குத் தெரியாதா? இவர் சிரித்துக்கொண்டே, “அது ஹாகே சார்” என்று பதில் சொல்வார். அது அப்படித்தானாம். டயர்கள் தேய்ந்து மொழுக்கென்று ஆகும். சொந்தக்காரர்கள் ஒரு தடவை ஏறினால் மறு தடவை பஸ்ஸில் போவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. வளைவில் நுழைந்த பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது. அழுத்தவும் கூடாது. எந்த அளவில் நுழைந்தோமோ அதே அளவில் காலை வைத்து வெளியே வர வேண்டும். நடுவில் கால் கொஞ்சம் அசைந்தாலும் பின்னாலிருந்து ‘டொம்’ என்று ஒரு அடி விழும், வண்டி ஒரு பக்கமாகத் தள்ளும். நான் அதை ஓட்டப் பழகியபோது பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் இதைத்தான் சொல்வார். “காலை எடுக்காத. எடுக்காத. எடுத்துட்ட பாரு.” அவர் ஓட்டும்போது அந்த அடி விழுந்து நான் கேட்டதேயில்லை. அவ்வளவு நிதானமான கால் அவருக்கு. மேலே எவ்வளவு முன்கோபமோ, கீழே அவ்வளவு நிதானம்.

“அந்தச் சனியனைக் கழட்டிப் போடுங்களேன்” என்று வருஷக்கணக்காகக் கேட்டேன். கெஞ்சிப் பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன்.

“அதைக் கழட்டணும்னா மொதல்ல என்னைக் கழட்டு” என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும். எங்கள் தெரு முனையில், பால் பூத் பக்கத்து வளைவில், அவர் கையில் வண்டி முதல் தடவையாக அடித்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். “ஆயில் மாத்தணும்” என்றார். மாற்றினார். மறுபடி அடித்தது. டயரில் காற்று சரியில்லை என்றார். காற்றும் பிடித்தாயிற்று. அப்புறமும் அடித்தது. ஓசூர் ரோடு பக்கத்தில் எங்கள் மெக்கானிக்கின் ஷெட் இருந்தது. அங்கே கொண்டுபோய் ஆக்சிலைத் திறந்து பார்க்கச் சொன்னோம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் எல்லாவற்றையும் துடைத்துப் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணும் தொந்தரவு இல்ல சார். சக்கத்தா, ஜோரா இருக்கு” என்று மூடிவிட்டார். இவர் முகம் தெளியவில்லை. நல்ல செய்திக்கு ஏன் இந்த மூஞ்சி என்று நினைத்தேன்.

அடுத்து ஒரு நாள் லேசான தூறல். சர்க்கிளில் திரும்பும்போது வண்டி அடித்து, வழுக்கி, ஒரு ஸ்கூட்டரை உரசாத குறையாக நின்றது. ஸ்கூட்டரில் ஒரு பெண்ணும் முன்னால் நின்றபடி ஒரு குழந்தையும். அவள் கன்னடத்தில் திட்டித் தீர்த்துவிட்டுப் போனாள். அவள் விட்ட இடத்திலிருந்து நான் ஆரம்பித்தேன். வீடு வரும்வரை நிறுத்தவில்லை.

அந்த வாரமே லாக்கரைக் கழற்றிவிட்டு வந்தார். பழைய டிஃபரன்ஷியலை மாட்டியிருந்தார்.

“எதுக்கு?” என்றேன். நம்ப முடியவில்லை.

“உனக்காகத்தான். எத்தனை வருஷமா கேக்கற.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாயசம் வைத்தேன். அக்காவுக்கு போன் போட்டு, என் பேச்சுக்கும் இந்த வீட்டில் மதிப்பு இருக்கிறது பார் என்று பீற்றிக்கொண்டேன். வண்டி பூனை மாதிரி போயிற்று. எந்த வளைவிலும் சத்தமில்லை, அடியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெளியே போவதை நிறுத்திவிட்டார். ஃபேக்டரியில் வேலை ஜாஸ்தி, உடம்பு அசதி என்றார். சரி, வயசாகிறது, வீட்டில் இருக்கட்டும் என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

பிறகு வலது கால் செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. அவருக்குத் தெரியாமலே ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்து நிற்பார். ஃபேக்டரிப் படியில் தடுக்கி விழுந்தார் என்று இரண்டு பேர் கொண்டுவந்து விட்டார்கள். டாக்டரிடம் போனோம். டாக்டர் இவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மேலே தூக்கச் சொன்னார், அழுத்தச் சொன்னார். ஊசி வைத்து நரம்புகளைப் பரிசோதித்தார்கள். எல்லாம் முடிந்து, “எவ்ளோ நாளா இப்படி இருக்கு?” என்று டாக்டர் கேட்டார்.

இவர் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“லாக்கர் கழட்டறதுக்கு முன்னாடியிருந்து” என்றார்.

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எனக்காகக் கழற்றியதாகச் சொன்ன மனுஷர், தன் காலை அது காட்டிக்கொடுக்கிறது என்று கழற்றியிருக்கிறார். நான் பாயசம் வைத்தேனே. அதை அவர் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாரே.

திரும்பும்போது நான் ஓட்டினேன். “ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா சாவிய வாங்கிடுவ.”

வாங்கியிருப்பேன். அன்றைக்கு வாங்கிவிட்டேன். நரம்பு ஒவ்வொன்றாகச் சாகும், காலிலிருந்து கைக்கு வரும், பிறகு மூச்சுக்கு வரும், மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைவிடச் சாவியை என் கைப்பையில் போட்டதுதான் அவருக்கு வலித்தது. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

லாக்கர் கட்டிலுக்கடியில் இருந்தது. எண்ணெய் தடவி, பழைய துண்டில் சுற்றி, பத்திரமாக. அதை எடுத்துக்கொண்டு போய் மறுபடி மாட்டச் சொன்னேன். மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மேடம், நீங்கதானே வேணாம்னீங்க?” வேண்டாம் என்றவள்தான். இப்போது வேண்டும். அந்தச் சத்தம் இல்லாத வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை.

காலுக்கும் கைக்கும் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தாங்கிப் பிடித்து முன் சீட்டில் உட்காரவைத்தேன். வண்டியை எடுத்தேன். தெருமுனையில் கட்கட்டென்று அது ஆரம்பித்ததும் அவர் முகம் பின்பக்கம் திரும்பியது. எவ்வளவு நாளாயிற்று அந்த முகத்தில் அப்படி ஒரு களையைப் பார்த்து.

பால் பூத் வளைவில் நான் காலை எடுத்தேன். வேண்டுமென்றேதான் எடுத்தேன். டொம் என்று அடித்து வண்டி தள்ளியது.

“பாத்தீங்களா, எனக்கும்தான் அடிக்குது. அதுலதான் ஏதோ கோளாறு. அந்த மெக்கானிக் சரியாப் பாக்கல.”

அவர் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ காலை எடுத்த.”

“இல்லையே.”

“எடுத்த. பாத்தேன்.” பேச்சு அப்போதே குழற ஆரம்பித்திருந்தது, மெதுவாகத்தான் வந்தது. “நீ எடுத்ததால அடிச்சுது. எனக்கு, நான் எடுக்காமலே அடிச்சுது.”

ஓசூர் ரோடு வந்துவிட்டது. அடுத்த திருப்பத்தில் நான் காலை அசைக்கவில்லை.