தனியாக விளையாட ஒரு ஊரே வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை பெருமாநல்லூரில் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தேன். மனைவியின் தம்பி. அறுபது மெஷின் ஓடும் பனியன் யூனிட்டின் முதலாளி. நாற்பத்தைந்து வயது. கொங்கு நாட்டில் பிறந்த மனுஷன் 'வாங்க' சொல்லவில்லை என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். சொல்லவில்லை... கையில் கேம் கன்ட்ரோலர்!

"கொல்லன் கோவிச்சுக்கிட்டானுங்க மாமா," என்றார் கவலையாக.

எந்தக் கொல்லன்? டிவிக்குள் இருக்கிற கொல்லன். ஒருவர் தனியாக ஆடும் கேம் அது; இவர்தான் அந்த ஊருக்குத் தலைவர். ஆனால் இன்டர்நெட் இல்லாமல் ஓடாதாம். தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு எதற்குக் கல்யாண மண்டபம் என்று கேட்டேன்.

"கிளவுடுங்க மாமா. நாம துணிக்குச் சாயம் போடற டையிங்கை வெளிய குடுக்கறோமல்லங்க, அதே மாதிரி. இந்தப் பெட்டி படத்தை மட்டும் காட்டும். யோசிக்கறதெல்லாம் எங்கியோ இருக்கற பெரிய கம்ப்யூட்டருங்க. அதனால ஊருல முந்நூறு பேருக்கும் ஞாபகம், கோவம், ரோசம் எல்லாம் இருக்குதுங்க. நான் ஆஃப் பண்ணீட்டுப் போனாலும் அவனுக பாட்டுக்குப் பேசிக்குவானுக."

பேசிவிட்டார்கள் — அதுதான் சிக்கல். மச்சினன் அங்கேயும் முதலாளி புத்தியை விடவில்லை. ராட்சசனைக் கொல்லப் போகச் சொன்னால், ஊர் ஜனத்துக்கு ஓவர்டைம் போட்டிருக்கிறார்! கொல்லன் திருவிழாவுக்கு லீவு கேட்டான். இல்லை என்றார். மறுநாள் ஆன் செய்தால் ஊரில் ஒரு கதவும் திறக்கவில்லை. கொல்லன் இல்லாமல் வாள் இல்லை. வாள் இல்லாமல் கதை நகராது. ஆகவே அன்று கொல்லன் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கறவை மாடு வேறு அன்பளிப்பு.

அந்த நேரம் பார்த்து செல்வி வந்தார். யூனிட்டில் செக்கிங் பிரிவு. தைத்த பனியனில் ஓட்டை, பிசிறு தேடும் வேலை. பதினொரு வருஷமாகத் தேடுகிறார்.

"ஏனுங்கண்ணா... பொண்ணு பெரியவளாயிட்டாளுங்க, சீர் வெச்சிருக்குதுங்க. மூணு நாள் லீவு வேணுங்க."

"ஷிப்மெண்ட் கெடக்குது அம்மிணி. ஆகாது." கண் திரையை விட்டு அசையவில்லை.

"ஒரே பொண்ணுங்கண்ணா..."

"சொன்னனல்ல."

அவர் போய்விட்டார். நானும் டீயை உறிஞ்சிக்கொண்டு சும்மாதான் இருந்தேன். அதற்காக இன்னமும் என் மேலேயே எனக்கு எரிச்சல்.

டிவியில் கொல்லன் சிரித்தான். மச்சினன் கண்ணில் தண்ணீர். "பாத்தீங்ளா மாமா? நேர்ல போய்க் கேட்டா மனசு எறங்கறானுங்க!"

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. செல்வி வேலைக்கு வரவில்லை. செக்கிங்கில் மற்ற ஏழு பேரும் வரவில்லை; எல்லோரும் சீர் வீட்டில். பெட்டி கட்ட வேண்டிய சரக்கு மேஜை மேல் அப்படியே கிடக்கிறது.

"ஒருத்திக்குத்தானுங்க இல்லைன்னேன்... எட்டுப் பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்களாட்டம்!" என்றார், உலக அதிசயம் போல. இவர்கள் பேசிக்கொள்ள எந்தக் கம்ப்யூட்டர் வேண்டும், சொல்லுங்கள்? டிபன் பாக்ஸ் திறக்கும் இருபது நிமிஷம் போதாதா?

"நேர்ல போய்க் கூப்பிடுங்க மாப்ள," என்றேன். கொல்லன் வீடு கிணற்றுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது சந்து என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய மனுஷன், என்னிடமே கேட்டார்:

"சரிங்க மாமா... அவங்க ஊடு எங்கீங்க?"