அன்டேமேஜ்

கெட்டுப்போன காப்பி என்று சிஸ்டம் போட்டு வைத்த குறியை நீக்க ஒரு லைப்ரரி ஃபங்ஷன், அதாவது புரோகிராமிலிருந்து கூப்பிட்டுக்கொள்ளும் ஆயத்தக் கட்டளை, உண்டு. பெயர் அன்டேமேஜ். அந்தப் பெயரை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஸ்டோரேஜ் வேலை பார்த்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. டிஸ்க்கில் இடம் குறைவு என்பதால் பழைய ஸ்கேன் படங்கள் டேப்புக்குப் போய்விடும். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு காப்பி, இரண்டு வேறு டேப்பில். படிக்கும்போது எரர் வந்தால் அந்தக் காப்பிக்கு 'டேமேஜ்' என்று குறி விழும்.

ஒரு வாரம் டேப்பைப் படிக்கும் டிரைவில் தூசி. முந்நூறு ஃபைலுக்கு மேல் முதல் காப்பியில் குறி விழுந்துவிட்டது. டிரைவைச் சுத்தம் செய்தோம். குறியெல்லாம் தூசியால்தான் விழுந்தது, டேப்பில் குற்றமில்லை என்று முடிவு கட்டினேன். நான் பெரிய கெட்டிக்காரி இல்லையா, ஃபைல் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் அன்டேமேஜைக் கூப்பிட ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். எல்லாவற்றுக்கும் ஜீரோ வந்தது. எங்கள் தொழிலில் ஜீரோ என்றால் வெற்றி.

"எல்லாம் சரி பண்ணியாச்சுண்ணா" என்று டேப் ஆபரேட்டர் குமரேசன் அண்ணனிடம் சொன்னேன். முதல் காப்பி சரியாக இருந்தால் பழைய இரண்டாம் காப்பி டேப்பை அழித்து, முதல் காப்பியிலிருந்து அதில் புதிதாகக் காப்பி எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். என் பேச்சை நம்பி அவர் அந்த டேப்புகளைக் கழற்றி எடுத்துப் போனார்.

திங்கட்கிழமை காலை மேரி டீச்சர் வந்தார். செம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் கணவருக்குத் தலையில் கட்டி. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஸ்கேன் வேண்டும். அப்போதைய அளவே இப்போதும் இருந்தால் ஆபரேஷன் வேண்டாம், வளர்ந்திருந்தால் உடனே செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு அவரைப் பார்க்க வேண்டும்.

ஃபைலைக் கேட்டேன். டேப் சுற்றியது, நின்றது. எரர். மறுபடி கேட்டேன். மறுபடி எரர். நான் நீக்கிய குறி திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்த ஃபங்ஷன் குறியைத்தான் நீக்கும்; டேப்பைத் தொடக்கூடத் தொடாது. அந்த டேப் நிஜமாகவே கெட்டிருந்தது.

குமரேசன் அண்ணனுக்கு போன் போட்டேன். ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்த ரெண்டாம் காப்பி டேப்பெல்லாம் எங்கே?"

"அதெல்லாம் சனிக்கெயமையே லேபிள் போட்டுட்டேன்மா. ஏசி பக்கத்துல பெட்டில கீது."

லைன் கட்டாகிவிட்டது.

லேபிள் போடுவது என்றால் எங்கள் பாஷையில் டேப்பின் தொடக்கத்தில் புதுப் பெயர் எழுதுவது. அதற்குப் பிறகு பழையது எதையும் படிக்க முடியாது. திரும்பத் திரும்ப அடித்தேன், அவர் போன் கிடைக்கவே இல்லை.

டீச்சர் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "கெடைச்சுதாம்மா?"

"வந்துட்டே இருக்கு டீச்சர்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அதுவும் ஒரு அன்டேமேஜ்தான்.

இருபது நிமிடம் கழித்து குமரேசன் அண்ணனே கூப்பிட்டார்.

"இன்னாமா, இத்தினி மிஸ்டு கால்?"

"அண்ணா, லேபிள்னீங்களே, டிரைவ்ல போட்டு எழுதிட்டீங்களா?"

"அத்த யாரு செஞ்சது? ஸ்டிக்கர்தான்மா ஒட்னேன். இன்னிக்கு வந்து எழுதலாம்னு வுட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு ஏசி பக்கம் ஓடினேன். பெட்டியைத் தேடி, டேப்பின் மேல் ஒட்டியிருந்த புது ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் பழைய எண் இருந்தது. டேப்பைப் போட்டேன். படம் வரிவரியாக இறங்கியது. சிடியில் எழுதி டீச்சரிடம் கொடுத்தேன். கொடுத்த கையோடு சும்மா இருக்க முடியவில்லை.

"டீச்சர், வந்துட்டே இருக்குன்னு அப்போ சொன்னது பொய். இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியலை."

"தெரியும்மா. கணக்கே போடாம 'முடிச்சிட்டேன் மிஸ்'னு சொல்ற புள்ளைங்களுக்கும் இதே மூஞ்சிதான். நோட்டைத் திறன்னு சொன்னா போதும்" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவைப் பார்த்து ஓடினார். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு முகமும் இல்லை.

புரோகிராமை மாற்றினேன். முதலில் டேப்பிலிருந்து முழு ஃபைலையும் படிக்க வேண்டும். படிக்க முடிந்தால் மட்டுமே குறியை நீக்க வேண்டும். குமரேசன் அண்ணனை எந்த டேப்பையும் தொடாதீர்கள் என்று நிறுத்தி வைத்துவிட்டு, பட்டியலில் மிச்சமிருந்த எல்லா ஃபைலையும் அன்றே அந்த வழியில் திறந்து பார்த்தேன். நாற்பத்தொன்று திறக்கவில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய தலை, நெஞ்சு, முதுகெலும்பு. அவற்றின் நல்ல காப்பி ஏசி பக்கத்துப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது.

அந்த நாற்பத்தொன்றுக்கும் போன வாரம் எனக்கு ஜீரோ வந்திருந்தது.