அக்கா நடிகைதான்

“நடிகைன்னு அச்சுல போட்டா உனக்குக் கல்யாணம் நடக்குமா, தாயி?” என்று பெரியப்பா கேட்டார். எனக்குப் பழனியில் சம்பந்தம் பேசியிருக்கும் நேரம். மாப்பிள்ளையின் தாயாரும் பக்குவமாகச் சொல்லியனுப்பியிருந்தார்: “ஊருக்குத் தெரிஞ்சதுதான். மலர்ல எதுக்கு?”

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்கான கட்டுரையை நானே எழுதுகிறேன்.

அக்கா பெரும்பாறையில் பிறந்தார். அம்மா காலமானதும் சிறுவயதிலேயே காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போனார். ஒருமுறை அங்கே படம் எடுக்க வந்தார்கள். டைரக்டர் “கட்” என்றதும் மற்றப் பெண்கள் கதாநாயகியைப் பார்க்க ஓடினார்கள். அக்கா மட்டும் பறித்துக்கொண்டே நின்றார்.

“ஏம்மா, கட் சொன்னது கேக்கலையா?”

“கேட்டுச்சுங்க. கங்காணி இன்னும் விசில் ஊதலீங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் கேமராவை அக்கா பக்கம் திருப்பச் சொன்னார்.

சென்னையில் முதலில் தோழி வேடங்கள், பிறகு கதாநாயகி. வசனத்தில் மலைப்பேச்சு வருகிறது என்று குறை சொன்னார்கள். அக்கா இரவல் பேச்சைக் கற்றுக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் அதை வாசலிலேயே விட்டுவிடுவார். கொடைக்கானல் விடுதியில் சேர்த்து என்னைப் படிக்க வைத்தவரும் அவரே.

யார் விசாரித்தாலும் பெரியப்பா, “மெட்ராசுல ஒரு சோலி” என்பார். திண்டுக்கல் சுவர்களில் அக்காவின் முகம் ஒட்டியிருந்தபோதும் அதே பதில்தான்.

“ஏன் பெரியப்பா, என் சோலியைப் பாக்க ஒருதடவையாச்சும் வரக்கூடாதா?” என்று அக்கா சீண்டினார்.

“ரெண்டுதரம் போனேன். டிக்கெட் கெடைக்கல.”

அக்கா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அப்போதே நெஞ்சில் நோய் இருந்திருக்கிறது. கடைசிப் படத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் பெரும்பாறைக்கே வந்தார். பார்க்க வந்தவர்கள் ஜன்னலை மறைத்து நிற்பார்கள். “வெளிச்சம் விடுங்கப்பா” என்பார். ஒரு மழைக்காலக் காலையில் காலமானார்.

மழையிலும் மருத்துவரை ஜீப்பில் அழைத்து வந்த ஆடலூர் அண்ணன், கஞ்சி கொண்டுவந்த தோட்டத்துப் பெண்கள், கடைசிவரை உடனிருந்த நர்ஸம்மா ஆகியோருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டுரையைப் பழனிக்கு எடுத்துப்போய் மாப்பிள்ளையின் தாயாருக்கு மேலே உள்ள வரிவரை வாசித்துக் காட்டினேன்.

“யோசிச்சுச் சொல்றோம்மா” என்றார்.

“நல்லா யோசிங்க அத்தை” என்று சொல்லிவிட்டு நேரே அச்சகத்துக்குப் போனேன். தலைப்பைப் பெரிய எழுத்தில் கோக்கச் சொல்லியிருக்கிறேன்.