சாயங்காலம் வைத்த ஒட்டு

புருல் அந்த இரும்புத் துண்டைக் கொண்டுவந்து, ரொட்டி வைத்திருந்த விரிப்பின் நடுவில் டங்கென்று போட்டாள். ஒரு தேநீர்க் கிண்ணம் உருண்டு ஓடியது. ரொட்டி இருக்கும் விரிப்பில் கால் பட்டாலே எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் பொறுக்காது. அன்றைக்கு ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

பஞ்சாயத்து நடந்தது சோவெத்பெக்கின் வீட்டில். ஊருக்கு ஒரே வெல்டர் அவன்தான். புருலின் கணவன் ஜெக்ஷென் கோடை முழுக்க மலைமேய்ச்சலிலிருந்து பால் இறக்குகிறவன். பழைய உரால் மோட்டார் சைக்கிள், வலப்பக்கம் ஒரு தொட்டி, தொட்டி நிறையப் பால் கேன்கள். தொட்டியை வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புக் கை விரிசல் விட்டபோது சோவெத்பெக்தான் ஒட்டிக் கொடுத்தான். மறுநாள் சாம்பல் இறக்கம் என்கிற மலைச்சரிவில் ஒட்டு விட்டுப் போனது. தொட்டி ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், ஜெக்ஷென் வண்டிக்கு அடியில். ஆஸ்பத்திரியில் தொடைக்குக் கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி கோலில்லாமல் நடக்க மாட்டான்.

"ஏம்மா, வண்டின்னா விழத்தான் செய்யும்," என்றார் பெரியவர் ஜுமாகாதிர். "இவன் தப்பை ஒத்துக்கிட்டான். வழக்கப்படி ஒரு ஆடு குடுக்கிறான். நல்ல கொழுத்த ஆடு. வாங்கிக்கிட்டு மனசை ஆத்திக்க."

"தாத்தா, அந்த இரும்பைத் திருப்பிப் பாருங்க."

அவர் திருப்பினார். உடைந்த முகத்தில் பழைய பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது. ஒட்டு இரும்புக்குள் இறங்கவேயில்லை. பெயின்டின் மேலே உட்கார்ந்திருந்தது. அதன் மேல் பட்டி தடவி, கறுப்பு அடித்து, அழகாகக் கொடுத்திருந்தான் மகராசன்.

"என் புருஷனை இவன் பட்டியில ஒட்டி மலைக்கு அனுப்பியிருக்கான். ஆட்டை நான் என்ன பண்ண? தின்னு தீர்த்துட்டு அடுத்த கோடைக்கு மறுபடி இவன்கிட்டயே வண்டியைத் தள்ளிட்டு வரவா?"

"பின்ன என்னதான் வேணுங்கிற?"

"தொழில் வேணும். தினம் காலையில இவன் எனக்குச் சொல்லித் தரணும். வண்டியோட இரும்புக் கையை நானே ஒட்டுற வரைக்கும். அடுத்த கோடை மேய்ச்சலுக்கு ஏறுறதுக்குள்ள."

யாரோ சிரித்தார்கள். சோவெத்பெக் சிரிக்கவில்லை. அவனும் புருலும் ஒரே வகுப்பு. கணக்குப் பரீட்சையில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து காப்பி அடித்தே பாஸானவன் அவன். அவள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்று ஊரில் மற்ற எவனையும் விட அவனுக்குத் தெரியும்.

"ஏன் காலையில?" என்று கேட்டான்.

"மத்தியானத்துக்கு மேல நீ மனுஷனா இருக்கிறதில்லையே, அதான்."

ஊருக்கே தெரிந்த சங்கதி இது. சோவெத்பெக்குக்குக் கூலி பாட்டில்தான். எந்த மகானுபாவன் ஆரம்பித்து வைத்தானோ, வாசல் கதவின் கொக்கி உடைந்தாலும் ஒரு பாட்டில், டிராக்டர் உடைந்தாலும் ஒரு பாட்டில். கொடுத்தவனும் கூட உட்கார்ந்து பாதி குடித்துவிட்டுத்தான் போவான். முதல் பாட்டில் மத்தியானம் வரும். பொழுது சாயும்போது அவன் கை தனியாக, கண் தனியாக இருக்கும். அப்போதும் வேலை நிற்காது. "நாளைக்கு வண்டி வேணும்டா" என்று எவனாவது வந்து நிற்பான்.

அவன் வேலை செய்வது எங்கள் தெருவுக்குச் சொல்லாமலே தெரியும். அவனே செம்புக் கம்பி சுற்றிச் செய்த பழைய வெல்டிங் மெஷின், பன்றி அளவுக்குக் கனம். அதை அவன் முடுக்கியதும் தெரு முழுக்க விளக்கு மங்கும், டிவியில் படம் சுருங்கும். பெண்கள் வாசலுக்கு வந்து அவன் ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். பிறகு உள்ளே போய், மங்கிய விளக்கிலேயே மாவைப் பிசைவார்கள்.

வீட்டில் புருல் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிக் குமுறுவாள். "ஏங்க, அவன் தள்ளாடிட்டு இருக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியலையா? நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல?" ஜெக்ஷென் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். குடிகாரக் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க மனசில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்தக் கோபத்தில் கிண்ணத்தை அவன் பக்கத்தில் வைக்கும்போது தேநீர் தளும்பும்.

முதல் நாளே வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை.

"முறைச்சா வராது. அது உன் புருஷன் இல்ல," என்றான் சோவெத்பெக். "ஆட்டி எடு. தீக்குச்சி மாதிரி கீறி விடு, கொஞ்சம் தூக்கு, ரொம்ப விலகாத. வெளிச்சத்தைப் பார்க்காத. அதுக்குக் கீழ குட்டை மாதிரி உருகி நிக்குது பாரு, அதைப் பாரு. அதை ஓட்டிட்டுப் போ."

அன்றைக்கு முகமூடியை இறக்காமலே இரண்டு தடவை பொறி தட்டிவிட்டாள். அன்று தூங்கவில்லை. கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது. உருளைக்கிழங்கைத் துருவிக் கண்மேல் கட்டிக்கொண்டு, படுத்தபடியே சோவெத்பெக்கைத் திட்டினாள். காலையில் சிவந்த கண்ணோடு மறுபடி போய் நின்றாள்.

அவன் நல்ல வேலைக்காரன்தான். அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல். பாட்டில் வருவதற்கு முன் அவன் கை போடும் ஒட்டு வரி, அடுக்கி வைத்த மீன் செதில்போல் ஒரே சீராக இருக்கும். இவ்வளவு தெரிந்தவன் பெயின்டைச் சுரண்டாமல் ஒட்டியிருக்கிறான்! தெரியாதவன் செய்திருந்தால் பாவம் என்று விட்டுவிடலாம்.

தான் ஒட்டிய ஒவ்வொரு துண்டையும் அவள் பிடிகருவியில் மாட்டிச் சுத்தியலால் அடித்து உடைத்தாள்.

"எவளாவது தன் வேலையைத் தானே உடைப்பாளா?"

"மேல பார்த்தா உன்னுதும்தான் நல்லா இருந்துச்சு. உள்ள பச்சைப் பெயின்ட்."

அவன் உடைந்த இரும்பின் முகத்தைப் பார்த்து, கசடு சிக்கியிருந்தால் காட்டினான். ஓரம் கரையாமல் நின்றிருந்தால் காட்டினான். குளிர்காலம் முழுக்க அவள் உடைத்துக்கொண்டே இருந்தாள். வாசலில் எவனாவது பாட்டிலோடு தலை காட்டினால், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வந்தவன் காதுபட நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புவாள்.

பனி உருகத் தொடங்கியதும் சொந்த மெஷின் வாங்கப் புறப்பட்டாள்.

"எதுக்கு? என்னுது மாதிரியே ஒண்ணு சுத்தித் தரேன். காலத்துக்கும் நிக்கும்," என்றான் சோவெத்பெக்.

"உன் பூதத்தால தெருவே இருண்டு கிடக்கு. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். வண்டிக் குழாய் வேற மெலிசு. உன் பூதத்துக்கு ஓட்டை போடத்தான் தெரியும்."

நகரச் சந்தைக் கடைக்காரன் சின்னப் பையன், மீசை முளைக்கலாமா என்று இப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தது. முதலில், கம்பி தானாக ஓடிவரும் கேஸ் மெஷினைக் காட்டினான். "அக்கா, இதுல நேத்துப் பொறந்த குழந்தைகூட ஒட்டும்."

"சிலிண்டர் தீர்ந்தா?"

"பிஷ்கேக் போய் மாத்திக்கலாம்."

"எங்க பள்ளத்தாக்குக் காத்துல உன் கேஸு நிக்குமாடா? தொப்பியே நிக்காது. அடுத்ததை எடு."

அடுத்து இன்வெர்ட்டர் மெஷின்களை எடுத்து வைத்தான். தூக்கித் தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுதான். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பெரிய எண். எண் பெரிதாகப் பெரிதாக அவன் குரலும் பெரிதானது. "இருநூத்தம்பது ஆம்பியர்க்கா! டாங்கியே ஒட்டலாம்!"

"எங்க ஊர்ல டாங்கி இல்ல. சாயங்காலம் கரண்ட் பாதியா வரும். அப்ப இது எரியுமா?"

"வீட்டுலேருந்து ஆம்பளைங்க யாரும் வரலையாக்கா?"

புருல் பையைத் திறந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த நீள மெல்லிய ஒயர் சுருளை எடுத்து, "இதுல மாட்டு. அந்தப் பக்கம் ஹீட்டரையும் போடு. எங்க ஊர்ச் சாயங்காலக் கரண்ட் இப்படித்தான்," என்றாள். பிறகு உடைந்த வண்டிக் குழாயின் ஒரு துண்டையும் எடுத்து வைத்தாள். டாங்கி ஒட்டும் மெஷின் இரண்டு பொறி தட்டிவிட்டு விளக்கணைந்து நின்றது. அடுத்தது இருமிக்கொண்டே செத்தது. மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு குட்டை மெஷின், நெற்றியில் சின்ன எண்ணோடு, மெலிந்த கரண்ட்டிலும் அணையாமல் எரிந்தது. அவள் மெல்லிய ராடைப் போட்டு ஒரு வரி இழுத்து, கசடைத் தட்டி, கடைக்காரன் பெஞ்சிலேயே வைத்து உடைத்துப் பார்த்தாள்.

"இதைக் கட்டு."

"அக்கா, இது ரொம்பச் சின்னது..."

"நீயும்தான்."

மேய்ச்சலுக்கு ஏறும் வாரம் அவள் அந்த இரும்புக் கையை ஒட்டினாள். பெயின்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளியாய்த் தெரியும்வரை தேய்த்து, ஓரத்தைச் சாய்த்துச் செதுக்கி, ஈரம் போக அடுப்பில் காயவைத்த ராடால், காலை வெளிச்சத்தில். சோவெத்பெக் தள்ளி நின்று பார்த்தான். கறுப்புப் பெயின்ட் டப்பாவை நீட்டினான், அவள் தட்டிவிட்டாள். "தெரியட்டும்."

பிறகு கேன்களில் தண்ணீர் நிரப்பித் தொட்டியில் ஏற்றினாள். தானும் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ ஓட்டு."

"நானா?"

"ஒட்டுனவ நான், நான்தான் உட்காரணும். சாம்பல் இறக்கத்துக்குப் போ."

இறக்கத்தில் அவன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறக்கினான். ஜெக்ஷென் விழுந்த வளைவில் கல்லைச் சுற்றிப் போகப் பார்த்தான்.

"கல்லு மேல ஏத்துடா!"

"புருல், வேண்டாம்..."

"ஏத்துடான்னா! அவரு போனப்ப இந்தக் கல்லு விலகியா நின்னுச்சு?"

ஏற்றினான். தொட்டி எகிறித் தரையில் மோதியது. அவள் பற்கள் கிடுகிடுத்தன. கேன்கள் அலறின. இரும்புக் கை தாங்கியது. அடிவாரத்தில் இறங்கி, ஒட்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். மயிரிழை விரிசல்கூட இல்லை. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது பொங்கித்தான் வந்தது.

"இப்ப உன் முறை. ஊர்ல உன் கை பட்ட ஒவ்வொரு வண்டியிலயும் நீ உட்கார்ந்து இந்த இறக்கத்துல இறங்கு."

சோவெத்பெக் சாலையோரம் உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

"காலையில ஒட்டு வெச்சதுல எல்லாம் கண்ணை மூடிட்டு உட்காருவேன். சாயங்காலம் வெச்சதுல மாட்டேன்."

"எதெல்லாம் சாயங்காலம் வெச்சது?"

"எனக்குத் தெரியாது புருல். சத்தியமா ஞாபகம் இல்ல."

அவளுக்குக் கை பரபரத்தது. அடித்திருப்பாள். ஊரில் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது இவன் ஒட்டிய தொட்டிகளில். இவனுக்கு ஞாபகம் இல்லையாம்!

ஊருக்குத் திரும்பியதும், வண்டியிலிருந்த சுத்தியலோடு நேரே தெருக்குழாய்க்குப் போனாள். பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.

"சோவெத்பெக் யார் யார் வண்டியைப் பொழுது சாஞ்சப்புறம் ஒட்டினான்? யாருக்காவது தெரியுமா?"

"நாங்க என்னத்தைக் கண்டோம்?" என்றாள் ஒருத்தி.

சோவெத்பெக்கின் பக்கத்து வீட்டுக்காரி ரக்கியா வாளியைக் கீழே வைத்தாள். "தெரியாம என்ன? பகல்ல அவன் என்ன ஒட்டுனாலும் தெரியாது. சாயங்காலம்னா விளக்கு செத்துப்போகுமே. முதல் பனி அன்னைக்கு மாவு பிசைஞ்சிட்டிருந்தேன், பொட்டுன்னு போச்சு. சுவர் மேல எட்டிப் பார்த்தா, தபால்காரர் வண்டி."

"ஆமா, எம்மவ பொறந்தநாள் அன்னைக்கும் மங்குச்சு," என்றாள் இன்னொருத்தி. "வாத்தியார் வண்டிதான் உள்ள நின்னுச்சு. நான் கல்லை விட்டு எறிஞ்சேன்."

"நோன்பு திறக்கிற நேரத்துல ஒரு தடவை..."

ஒவ்வொருத்திக்கும் ஒரு மங்கிய விளக்கு ஞாபகம் இருந்தது. எதற்குத் திட்டினோம் என்பதுகூட மறக்கவில்லை. தெருவே பார்த்திருக்கிறது. எரிச்சல்பட்டிருக்கிறது. டிவி போயிற்றே என்றுதான் பட்டிருக்கிறது. புருலுக்கு இந்தப் பெண்களின் மேலும் ஆத்திரம் வந்தது.

"இத்தனை நாளா எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் இருந்தீங்களா? அவன் தள்ளாடிட்டு நெருப்பு வைக்கிறான், நீங்க டிவி நாடகம் போச்சேன்னு ஒப்பாரி வெச்சீங்களா?"

ரக்கியாவுக்குச் சுருக்கென்றது. "எங்களை மட்டும் சொல்லாதடி. உன் வண்டிக்கும் விளக்கு மங்கத்தான் செஞ்சுது. அன்னைக்கு யாரு வாசல்ல நின்னு கத்துனது? 'நாடகம் முடியப்போகுது, சீக்கிரம் முடிச்சுத் தொலைடா குடிகார நாயே'ன்னு? தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சே. உள்ள டார்ச் பிடிச்சிட்டு நின்னது உன் புருஷன்தான். சோவெத்பெக் பெயின்டைச் சுரண்ட உட்கார்ந்தான். 'விடுடா, வீட்டுக்காரி கத்துறா, சீக்கிரம்'னு உன் புருஷன் சிரிச்சாரு. நான் சுவர் மேலேருந்து கேட்டேன்."

குழாயின் கீழே யாருடைய வாளியோ நிரம்பி வழிந்தது. ஒருவரும் மூடவில்லை. புருலுக்கு அந்த மாலை அப்படியே நினைவுக்கு வந்தது. நாடகத்தில் கல்யாணம் நின்றுபோகும் கட்டம். ஜெக்ஷென் தன் தம்பி வீட்டில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டுதான் கத்தினாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. பஞ்சாயத்தில் சோவெத்பெக் இதைச் சொல்லியிருக்கலாம். அவனும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இத்தனை மாதம் அவள் கோபத்தை அவள் கையிலேயே விட்டு வைத்திருக்கிறார்கள்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு தபால்காரர் வாசலுக்கு நடந்தாள். அவர் பிள்ளைகளைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இறக்குங்க."

"ஏன் புருல்? வண்டி நல்லாத்தானே ஓடுது? மத்தியானப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, சீக்கிரம்..."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கண்ணே!"

தெருக்கோடி வரைக்கும் கேட்டது அந்தக் கத்தல். அன்றைக்குக் கத்திய அதே குரல். அவள் காதிலும் விழுந்தது. பிள்ளைகள் பயந்து தாங்களாகவே இறங்கினார்கள். அவள் தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கறுப்புப் பெயின்டின் மேல் ஓங்கி அடித்தாள். பட்டி உதிர்ந்தது.